தலைக்கணக்கு

நாலு இருபதுக்குப் புதுவயல் ரைஸ்மில் முக்கில்
பஸ் வந்து உறுமும்.
தெருவிளக்கில் உமித்தூசி பறக்கும்.
பதினோரு பேர் ஏறுவோம்,
பாதித் தூக்கத்தை டிபன் பாக்ஸோடு
பைக்குள் அமுக்கிக்கொண்டு.
அடைக்கலமேரி வீடு இரண்டு தெரு தள்ளி.
அந்த உறுமல்தான் அவளுக்கு அலாரம்.

மானகிரி தாண்டி
தைலமரம் வெட்டிய செம்மண்ணில் ஆலை.
நாளுக்கு நூற்று நாற்பது லாரி.
எனக்கு லாரியில் வேலை இல்லை,
லாரிக்கு அடித்த பெயிண்டின் கழிவுநீரில்.
என்ன ஆர்டர் ஓடுகிறதென்று
முதல் தொட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவேன்:
தபால் வண்டி என்றால் குங்குமம் கரைத்தது போல்,
பட்டாளம் என்றால் பாசிக்குளம்.
ஏழு தொட்டி கடந்து
தெளிந்து வரும் இடத்தில்
ஜிலேபிக் கெண்டை விட்டிருக்கிறார்கள்,
ஆடிட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்க்க.
ஷிப்டுக்கு ஒரு முறை மீனை எண்ணிப்
பதிவேட்டில் எழுத வேண்டும்.
ஒன்று குறைந்தால் மெமோ.
இரண்டு வாங்கியிருக்கிறேன்.
இரண்டாவது, கொக்கு.
யாரும் நம்பவில்லை.

மார்ச் கடைசியில் உமையாள் மேடம் வந்தார்,
பசுமை அறிக்கை எழுதுகிறவர்,
பள்ளத்தூர்க்காரர்,
யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார்.
மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்:
முன்பு ஒரு லாரிக்கு நாலாயிரத்து இருநூறு லிட்டர்,
இப்போது இரண்டாயிரத்து எழுநூறு.
"உங்க தொட்டிதான் காரணம்" என்றார்.
சந்தோஷமாகத்தான் இருந்தது.
கூடவே ஒன்று தோன்றியது, சொல்லவில்லை.
பெயிண்ட் லைனில் அன்று முப்பத்தெட்டு பேர்,
இன்று ஒன்பது பேரும் ஆறு இரும்புக் கைகளும்.
இரும்புக் கை
கை கழுவாது.
கக்கூஸ் போகாது.
மத்தியானம் சோற்றுத்தட்டு அலம்பாது.

"பெண்கள் இந்த வருஷம் நூற்றுக்கு இருபத்திரண்டு."
அந்த இருபத்திரண்டில் நான் உண்டா என்று கேட்டேன்.
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
"நீங்க ஒப்பந்தம்ல...
உங்க எண்ணிக்கை காண்ட்ராக்டர் கணக்குல வரும்."
"எங்க பஸ்?"
"அது இருக்கே. டீசல், கிலோமீட்டர், கரி எல்லாம்.
ஊழியர் பயணம்னு தனித் தலைப்பு."
சொல்லி முடித்த பிறகுதான்
சொன்னது அவருக்கே கேட்டது.
சிரிக்க ஆரம்பித்து
நிறுத்திக்கொண்டார்.
கொஞ்ச நேரம் மோட்டார் மட்டும் ஓடியது.

மறுநாள் பஸ்ஸில் சொன்னேன்:
புகை கம்பெனிக்கு, ஆள் காண்ட்ராக்டருக்கு.
முத்துராக்கு ஜன்னலில் சாய்த்த தலையை எடுக்காமல்,
"அப்பப் புகையாவே இறங்கிப் போயிருவோம்டி.
கேட்டுல கார்டு தேய்க்க வேணாம்,
பையைத் துழாவ மாட்டானுக."
காரைக்குடி வரை சிரிப்பு.
டிரைவர் ஜெயசீலன் கண்ணாடியில் பார்த்து
"என்னக்கா, என்னையத்தானே?" என்றான்.

ஆவணியில் மின்சார பஸ் வருகிறதாம்.
கேண்டீன் சுவரில் படம் ஒட்டியாயிற்று,
டயருக்குப் பக்கத்தில் ஒரு இலை வரைந்து.
நல்லதுதான்.
முத்துராக்குக்கு இழுப்பு, பின் சீட்டில் உட்கார முடியாது.
ஆனால் அறிக்கையில் நாங்கள் இருந்த அந்த ஒரு வரி
பூஜ்யமாகிவிடும்.
அடைக்கலமேரியை யார் எழுப்புவது என்பதும்
இன்னும் முடிவாகவில்லை.

இன்று காலை மீன் பதினான்கு.
ஒரு குஞ்சு பாசிக்குள் ஒளிந்து
மூன்று முறை எண்ண வைத்தது.
'சோதித்தவர்' கட்டத்தில் எப்போதும் ஒரு கிறுக்கல்தான்.
இன்று முழுதாக எழுதினேன்:
சவுந்தரநாயகி.
கட்டம் பத்தவில்லை.
'நாயகி' பக்கத்துக் கட்டத்துக்குத் தாவி
பதினான்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பதிவேட்டில் அடித்துத் திருத்தக் கூடாது.
அப்படியே மூடி வைத்தேன்.